நோன்புக் காலத்தில் சர்க்கரை சென்சார்: வாங்கத் தகுமா?

மேற்கையில் ஒட்டிக்கொள்ளும் சர்க்கரை சென்சார் வேண்டும் என்று நம் ஊர் மருந்துக் கடைகளில் கேட்டால் பெரும்பாலும் எடுத்துத் தரப்படுவது அபாட் நிறுவனத்தின் ஃப்ரீஸ்டைல் லிப்ரேதான். அதன் முதல் தலைமுறைச் சென்சாரை 2025ஆம் ஆண்டு ரமலானையொட்டி என் வாப்பாவுக்காக (தந்தைக்காக) வாங்கினோம். காயல்பட்டினத்தில் இருக்கும் வாப்பா அறுபதைக் கடந்தவர், பல ஆண்டுகளாக இரண்டாம் வகை நீரிழிவுக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிட்டு வருபவர், இன்சுலின் போடுவதில்லை. இந்தக் கருவியைப் பற்றிப் பொதுவான மதிப்பீடுகள் ஏற்கெனவே நிறைய வந்துவிட்டன. ஆகவே, பகல் முழுவதும் தண்ணீர்கூட அருந்தாமல் நோன்பு வைக்கும் ஒரு நீரிழிவுக்காரருக்கு இது எந்த அளவுக்கு உதவும், எங்கே கைவிடும், கொடுக்கும் பணத்துக்கு ஈடாகுமா என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வாங்கத் தகும்; ஒன்று போதும்; ரமலான் பிறந்த பிறகு வாங்குவதில் பாதிப் பயன்தான் கிடைக்கும். எந்த அளவு காட்டினால் என்ன செய்வது என்பதை மருத்துவரிடமும் வீட்டாரிடமும் முன்கூட்டியே பேசித் தீர்மானித்துக்கொண்ட வீட்டில்தான் இந்தக் கருவி வேலை செய்கிறது. அப்படித் தீர்மானிக்காத வீட்டில் ஒரு நாளில் பத்து முறை ஸ்கேன் செய்து பார்த்தாலும் கவலை கூடுமே தவிர வேறொன்றும் நடக்காது.

கருவியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய வட்டு அது. அதன் அடியில் ஐந்து மில்லிமீட்டர் நீளமுள்ள மெல்லிய இழை ஒன்று தோலுக்குள் இறங்கி நிற்கும். மேற்கையின் பின்புறத்தில் ஸ்பிரிட் துடைத்து, உடன் வரும் குழலை வைத்து அழுத்தினால் ஒட்டிக்கொள்கிறது. எறும்புக் கடி அளவுக்குக்கூட வலிக்கவில்லை என்றார் வாப்பா. ஒட்டிய ஒரு மணி நேரத்துக்குப் பிறகு செயல்படத் தொடங்கி, 14 நாட்கள் வரை உழைக்கும். அளக்கும் எல்லை 40 முதல் 500 வரை (டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில்). என்எஃப்சி (தொடாமலே தரவைப் படிக்கும்) வசதியுள்ள கைபேசியை அருகில் கொண்டுபோனால் அப்போதைய அளவையும், அது ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும் அம்புக்குறியையும், கடந்த எட்டு மணி நேரத்து வரைபடத்தையும் தருகிறது. எட்டு மணி நேரத்துக்கு மேல் ஸ்கேன் செய்யாமல் விட்டால் இடையில் உள்ள தரவு அழிந்துபோகும். மற்ற மாதங்களில் நீண்ட நேரம் உறங்குவோருக்கு இது தொல்லைதான். ரமலானில் தராவீஹ் எனும் இரவுத் தொழுகையை முடித்துப் படுத்துச் சஹருக்கு (விடியலுக்கு முந்தைய சாப்பாட்டுக்கு) எழுந்துவிடுவதால் இந்தச் சிக்கல் தானாகவே தீர்ந்துவிடுகிறது.

மார்க்கம் தொடர்பான ஐயங்கள் எங்கள் வீட்டில் முதலில் எழுந்தன. பல வீடுகளில் எழும். தொழுகைக்கு முன் செய்யும் ஒளூவுக்குக் கையை முழங்கை வரைதான் கழுவுகிறோம், சென்சார் அதற்கு மேலே இருக்கிறது. எனவே அங்கே தடை ஏதும் இல்லை. ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் வரை தண்ணீரைத் தாங்கும் என்பதால் குளிப்பதற்கும் கழற்ற வேண்டியதில்லை. கடமையான குளிப்பின்போது வட்டுக்கு அடியில் உள்ள தோல் நனையாதே என்று வாப்பா கேட்டதற்கு, காயத்துக்குக் கட்டுப் போட்டவரின் சட்டமே இதற்கும் என்று எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத் பதில் சொன்னார். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளலாம். இதைவிட முக்கியமான ஐயம் விரல் குத்திப் பார்ப்பது பற்றியது. சொட்டு இரத்தம் எடுத்தால் நோன்பு முறிந்துவிடும் என்று நம்பிப் பகலில் சோதனையே செய்யாமல் இருக்கும் பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது நோன்பை முறிக்காது என்பதே மார்க்க அறிஞர்களிடம் பரவலாக உள்ள தீர்ப்பு. ஹஜ்ரத்தும் அதையே சொன்ன பிறகுதான் வாப்பா பகலில் விரலை நீட்டினார். சென்சார் வைத்திருந்தாலும் விரல் குத்த வேண்டிய தருணங்கள் வரும் என்பதால் இதைத் தெளிவுபடுத்திக்கொள்வது அவசியம்.

ரமலானுக்கென்று தனியாக இவ்வளவு கவனம் ஏன் என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய ஆய்வைச் சுட்டிக்காட்டலாம். 13 நாடுகளில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நீரிழிவுக்காரர்களிடம் நடத்தப்பட்டு 2004இல் வெளியான எபிடியார் என்ற அந்த ஆய்வில், மற்ற மாதங்களோடு ஒப்பிட, மருத்துவமனைக்குப் போக வைக்கும் அளவுக்கான தாழ்சர்க்கரை ரமலானில் முதல் வகையினருக்கு ஏறத்தாழ 4.7 மடங்காகவும் இரண்டாம் வகையினருக்கு 7.5 மடங்காகவும் உயர்ந்திருந்தது. மருந்தை வழக்கம்போலவே விழுங்கிவிட்டு உணவை மட்டும் இடம் மாற்றினால் என்ன ஆகும் என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம். கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகள் சாப்பாடு இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதில்லை. கணையத்தைத் தூண்டிக்கொண்டே இருக்கும். இன்னொரு பக்கம், ரமலானில் சர்க்கரை கடுமையாக எகிறுவது கூடியதும் அதே ஆய்வில் பதிவாகியிருக்கிறது. ஒரே நாளில் இரண்டு எதிரெதிர் ஆபத்துகள் வரக்கூடிய மாதம் இது. மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி பரிசோதனையால் இந்த ஏற்ற இறக்கத்தைக் காட்ட முடியாது.

சர்வதேச நீரிழிவு கூட்டமைப்பும் ரமலான்-நீரிழிவு கூட்டணியும் சேர்ந்து 2016இல் வெளியிட்டு 2021இல் புதுப்பித்த வழிகாட்டுதல், ரமலானுக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே மருத்துவரைப் பார்க்கச் சொல்கிறது. நாங்களும் ரமலானுக்கு முந்தைய மாதமான ஷஃபான் பிறப்பதற்கு முன்பே பார்த்தோம். நோயின் வகை, எத்தனை ஆண்டுகள், என்ன மருந்து, தாழ்சர்க்கரை வந்த வரலாறு, சிறுநீரகம், இதயம், வேலையின் தன்மை, முந்தைய ரமலானில் நடந்தவை என ஒவ்வொன்றாகக் கேட்டு மதிப்பெண் போடும் முறை அந்த வழிகாட்டுதலில் இருக்கிறது. மூன்று வரை குறைந்த ஆபத்து, மூன்றரை முதல் ஆறு வரை நடுத்தரம், ஆறுக்கு மேல் போனால் நோன்பு வைக்க வேண்டாம் என்பது ஆலோசனை. வாப்பா நடுத்தரத்தில் வந்தார். காலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த கிளிமிபிரைடை மருத்துவர் நோன்பு திறக்கும் நேரத்துக்கு மாற்றி அளவையும் பாதியாக்கினார். மெட்ஃபார்மினை இஃப்தாருக்கும் (நோன்பு திறப்புக்கும்) சஹருக்கும் பிரித்துக் கொடுத்தார். இது வாப்பாவுக்குச் சொன்னது. படிப்பவர் யாரும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. இன்சுலின் போடுகிறவர்களுக்கும், சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் புதிய வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் கணக்கே வேறு. பின்னதில் நீரிழப்பு ஆபத்து கூடுதல் என்பதால் ரமலானை ஒட்டிப் புதிதாகத் தொடங்கக் கூடாது என்றும் வழிகாட்டுதல் சொல்கிறது.

சென்சாரின் உண்மையான மதிப்பு ரமலானுக்கு முன்பே தெரிந்துவிட்டது. பிப்ரவரியின் இறுதியில், ஷஃபான் மாதத்தில் அதை ஒட்டினோம். வாப்பா வழக்கமாக அந்த மாதத்தில் வைக்கும் சுன்னத்தான நோன்புகள் ஒத்திகையாக அமைந்தன. சஹருக்குப் பிறகு ஒரு மேடு, முற்பகலில் சமநிலை, லுஹருக்கு (நண்பகல் தொழுகைக்கு) பிறகு மெதுவான சரிவு, அஸருக்கும் (பிற்பகல் தொழுகைக்கும்) மஃரிபுக்கும் (சூரியன் மறைந்ததும் வரும் தொழுகைக்கும்) இடையே மிகத் தாழ்ந்த இடம், நோன்பு திறந்ததும் செங்குத்தான ஏற்றம். நோன்பு வைக்கும் நீரிழிவுக்காரர்களிடம் பொதுவாகக் காணப்படும் வடிவந்தான் இது. ஆனால் தன் கையிலிருந்தே அந்தக் கோடு எழுந்து விழுவதைப் பார்த்தபோது வாப்பாவிடம் ஏற்பட்ட மாற்றத்தை மருத்துவரின் பத்து ஆண்டு அறிவுரை ஏற்படுத்தவில்லை. குறிப்பாக, சஹருக்கு எழ முடியாமல் வெறும் தண்ணீரைக் குடித்து நோன்பு வைத்த ஒரு நாளில் அந்தச் சரிவு லுஹருக்கு முன்பே தொடங்கிவிட்டது. அதன் பிறகு சஹரைத் தவறவிடும் பேச்சே வீட்டில் இல்லை. ஃபஜ்ர் (விடியல் தொழுகை) பாங்குக்கு முடிந்த அளவு நெருக்கமாகச் சாப்பிடுவதும், வெறும் சோற்றோடு நிறுத்தாமல் முட்டையோ பருப்போ சேர்த்துக்கொள்வதும் பகலின் சரிவைத் தள்ளிப்போட்டதைக் கோடே காட்டியது.

இனி இஃப்தாருக்கு வருவோம். எங்கள் பக்கத்தில் சிக்கலே அங்கேதான் இருக்கிறது. அஸர் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலில் வாளியும் தூக்குச்சட்டியும் ஏந்தி நிற்கும் வரிசையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நோன்புக் கஞ்சி இல்லாமல் தமிழ் முஸ்லிம் வீட்டில் நோன்பு திறப்பதில்லை. பச்சரிசி நொய்யும் பாசிப்பருப்பும் வெந்தயமும் இஞ்சி பூண்டும் போட்டுக் குழைய வேகவைத்து, தேங்காய்ப்பால் ஊற்றி, சில நாட்களில் கொத்துக்கறியும் சேரும் அந்தக் கஞ்சியை நீரிழிவுக்காரர் அடியோடு விட வேண்டும் என்று சொல்வது எளிது; சொல்பவருக்கு எங்கள் ஊர் தெரியாது என்றே பொருள். ஆனால் குழைந்த நொய் அரிசி விரைவில் சர்க்கரையாகிவிடும் என்பதை மறுக்க முடியாது. வெந்தயம் இருப்பதால் கஞ்சி சர்க்கரைக்கு நல்லது என்று ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. ஒரு அண்டாக் கஞ்சிக்குப் போடும் வெந்தயம் அதிலுள்ள அரிசியை ஈடுகட்டும் என்று நான் நம்பவில்லை, சென்சாரும் நம்பவில்லை.

தொடக்கத்தில் வாப்பாவின் இஃப்தார் தட்டில் நான்கைந்து பேரீச்சம்பழம், ஒரு பெரிய கோப்பைக் கஞ்சி, சீனி போட்ட கடற்பாசி, நன்னாரி சர்பத், இரண்டு வடை ஆகியவை இருந்தன. அப்படிச் சாப்பிட்ட ஒரு மாலையில் இரண்டு மணி நேரம் கழித்து அளவு 290ஐத் தொட்டது. அடுத்தடுத்த நாட்களில் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தோம். எதிர்பாராத வகையில், கஞ்சியைக் குறைத்ததைவிடச் சர்பத்தை நிறுத்தியதில்தான் பெரிய வேறுபாடு தெரிந்தது. தாகத்துக்குத் தண்ணீரும் உப்புப் போட்ட மோரும் போதும் என்றானதும் மேட்டின் உச்சி சட்டென்று இறங்கியது. பேரீச்சம்பழம் ஒன்றோ இரண்டோ என்றும், கஞ்சி அரைக் கோப்பை என்றும், அதற்கு முன்பாகச் சுண்டலோ அவித்த முட்டையோ என்றும் வரிசையை மாற்றியபோது உச்சி 210ஐ ஒட்டி நின்றது. கடற்பாசியை உம்மா சீனி இல்லாமல் ஒரு முறை காய்ச்சிப் பார்த்தார். யாரும் சாப்பிடவில்லை, அந்த முயற்சி அதோடு கைவிடப்பட்டது. இரவுச் சாப்பாட்டைத் தராவீஹுக்குப் பிறகு கொஞ்சமாக வைத்துக்கொண்டதும் நன்மையாக அமைந்தது. 20 ரக்அத் நின்று, குனிந்து, எழுந்து தொழுவதே ஓர் உடற்பயிற்சி என்று வழிகாட்டுதலும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. பள்ளிவாசலிலிருந்து திரும்பியதும் ஸ்கேன் செய்தால் கோடு பெரும்பாலும் கீழ்நோக்கித் திரும்பியிருக்கும். இத்தகைய சோதனைகளை விரல் குத்தியும் செய்யலாம் என்பது உண்மைதான். ஆனால் ஒரு மாலைக்கு ஆறு முறை விரலைத் தர யாரும் ஒப்ப மாட்டார்கள்.

தாழ்சர்க்கரை நேர்ந்த ஒரு மாலையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்தக் கருவியின் பலமும் பலவீனமும் அன்று ஒருசேரத் தெரிந்தன. அஸருக்குப் பிறகு பள்ளிவாசலில் கஞ்சி விநியோகத்துக்கு உதவிவிட்டு நடந்து வந்த வாப்பா, திண்ணையில் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஸ்கேன் செய்தபோது 74 காட்டி, அம்பு சாய்வாகக் கீழே இறங்கியிருந்தது. உடனே விரல் குத்தினோம், 66. மஃரிபுக்கு இன்னும் அரை மணி நேரத்துக்கு மேல் இருந்தது. "கொஞ்ச நேரந்தானே, பாங்கு சொல்லிருவாங்க, அதுவரைக்கும் அப்படியே படுத்துக் கிடக்கட்டுமே" என்றார் உம்மா. நோன்பை முறிக்கச் சொல்லும் மனம் யாருக்கும் எளிதில் வருவதில்லை. மஃரிப் நெருங்க நெருங்க இன்னும் கடினம். 70க்குக் கீழே போனாலோ 300க்கு மேலே போனாலோ நேரத்தைப் பார்க்காமல் நோன்பை விட வேண்டும், 70க்கும் 90க்கும் இடையில் இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி சோதிக்க வேண்டும், அளவு எப்படி இருந்தாலும் நடுக்கம், வியர்வை, குழப்பம் வந்தால் காத்திருக்கக் கூடாது என்று மருத்துவர் தம் கையால் எழுதிக் கொடுத்த தாள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்தது. வாப்பாவே அதைப் பார்த்துவிட்டு, "பின்னே இத எதுக்கு எழுதி வாங்குனோம், குளுக்கோஸக் கலக்கு" என்றார். மூன்று தேக்கரண்டிக் குளுக்கோஸைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தோம். கால் மணி நேரம் கழித்து விரல் குத்தியபோது 98 வந்தது. அதே நேரத்தில் சென்சார் 71தான் காட்டியது.

இந்த இடைவெளியைப் புரிந்துகொள்ளாமல் யாரும் இதை வாங்கக் கூடாது. சென்சார் இரத்தத்தை நேராக அளப்பதில்லை. தோலுக்கடியில் திசுக்களுக்கு இடையே உள்ள நீரிலிருக்கும் குளுக்கோஸை அளக்கிறது. இரத்தத்தில் ஏற்படும் மாற்றம் அங்கே போய்ச் சேரச் சில நிமிடங்கள் ஆகும். அளவு நிலையாக இருக்கும்போது இந்தத் தாமதம் தெரியாது. வேகமாக இறங்கும்போது உண்மையைவிடக் கூடுதலாகவும், வேகமாக ஏறும்போது குறைவாகவும் காட்டும். குளுக்கோஸ் கொடுத்த பிறகு சென்சாரை நம்பியிருந்தால், இன்னும் ஏறவில்லையே என்று மேலும் மேலும் இனிப்பைக் கொடுத்து இரவில் 300ஐப் பார்க்க நேரிடும். எனவே, நோன்பை விடுவதா என்ற முடிவுக்கும், விட்ட பிறகு மீண்டுவிட்டாரா என்ற கேள்விக்கும் விரல் குத்திப் பார்ப்பதே சரி. அறிகுறி ஒன்றும் எண் வேறொன்றும் சொன்னால் விரல் குத்திப் பார்க்க வேண்டும் என்பதுதான் இந்த வகைக் கருவிகளுக்கான பொதுவான அறிவுரையும். ஒட்டிய கையின் பக்கமாக ஒருக்களித்துப் படுத்தால் அந்த இடம் அமுங்கிப் பொய்யான தாழ்ந்த அளவு காட்டக்கூடும். லுஹருக்குப் பின் சற்றுக் கண்ணயர்கிறவர்கள் இதை நினைவில் வைக்கலாம். வைட்டமின் சி மாத்திரையை ஒரு நாளைக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் சாப்பிட்டால் இந்தச் சென்சார் உண்மையைவிட அதிகமாகக் காட்டக்கூடும். ஆரஞ்சுச் சுவைக்காக அதைச் சப்பிச் சாப்பிடும் பழக்கம் நம்மவர்களிடம் இருப்பதால் சொல்கிறேன்.

முதல் தலைமுறைக் கருவியின் மிகப் பெரிய குறை, அது தானாக எச்சரிக்காது என்பது. நாம் ஸ்கேன் செய்தால்தான் பேசும். உறக்கத்திலோ வேலை மும்முரத்திலோ அளவு இறங்கினால் அது உள்ளே பதிவாகிக்கொண்டிருக்குமே தவிர யாரையும் எழுப்பாது. அதற்கு அடுத்த தலைமுறையான லிப்ரே 2இல் தாழ்ந்தாலும் உயர்ந்தாலும் ஒலி எழுப்பும் வசதி உண்டு. தாழ்சர்க்கரையின் அறிகுறிகளை உணர முடியாதவர்களும் தனியாக வாழ்பவர்களும் அந்த வசதி இல்லாத கருவியை வாங்குவதில் பொருளில்லை. அறிகுறியை உணர முடியாதவர் நோன்பு வைப்பதே கேள்விக்குரியது என்பது வேறு. ஸ்கேன் செய்யும் ஒவ்வொரு முறையும் அளவு இன்னொருவரின் கைபேசிக்குப் போகும்படி வைத்துக்கொள்ளலாம் என்பது நல்ல ஏற்பாடு. துபாயில் இருக்கும் தம்பி தினமும் அஸர் நேரத்தில் "வாப்பாவோட நம்பர் இன்னும் வரலையே" என்று செய்தி அனுப்பிவிடுவான். பெண்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. புர்காவின் கை மேலேயே கைபேசியை வைத்து ஸ்கேன் செய்யலாம், கையைத் திறக்க வேண்டியதில்லை.

நாங்கள் வாங்கிய 2025இல் விலை சுமார் 5,000 ரூபாய். ஏறத்தாழ மாதம் முழுவதற்கும் என்றால் இரண்டு வேண்டும், அது பத்தாயிரம். எங்கள் அனுபவத்தில் இரண்டாவது தேவைப்படவில்லை. ஷஃபானின் கடைசி வாரத்தில் ஒட்டினால் ஒத்திகை நோன்புகளும் ரமலானின் முதல் வாரமும் அதில் அடங்கிவிடும். மருந்தின் அளவும் உணவின் வரிசையும் பெரும்பாலும் இந்த இரண்டு வாரங்களில் சீராகிவிடும். மீதி நாட்களுக்கு ஒரு சாதாரணக் குளுக்கோமீட்டர் போதும். சஹருக்கு முன், நடுப்பகல், அஸருக்குப் பின், நோன்பு திறந்து இரண்டு மணி நேரம் கழித்து, இவற்றோடு உடம்புக்கு ஏதோ செய்கிறது என்று தோன்றும் எந்த நேரத்திலும் பார்த்துக்கொண்டால் சமாளிக்கலாம். 5,000 ரூபாய் பெரிய தொகையாக இருக்கும் குடும்பங்கள் கடன் வாங்கிச் சென்சார் ஒட்ட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. மருத்துவரை முன்கூட்டிப் பார்த்து மருந்தை மாற்றிக்கொள்வதும், நாள்தோறும் விரல் குத்திப் பார்ப்பதும் சென்சாரைவிடப் பெரிய பாதுகாப்பு. அந்தச் செலவு இதில் ஒரு பங்குதான்.

வாங்கும்போது கவனிக்க வேண்டிய ஒன்றையும் சேர்த்துவிடுகிறேன். இந்தச் சென்சாரை 4 முதல் 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வைத்திருக்க வேண்டும் என்று பெட்டியிலேயே அச்சிட்டிருக்கிறது. நாங்கள் முதலில் போன கடையில் அது வெயில் விழும் கண்ணாடி அலமாரியில் அடுக்கியிருந்தது. மார்ச் நெருங்கும் நேரத்தில் எங்கள் கடற்கரை ஊரின் வெக்கை எப்படி இருக்கும் என்று கடைக்காரருக்குத் தெரியாமல் இருக்காது. கேட்டதற்கு, "இதுக்கெல்லாம் ஃபிரிட்ஜ் தேவையில்ல" என்று அலட்சியமாகப் பதில் வந்தது. குளிரூட்டிய இடத்தில் வைத்திருந்த வேறொரு கடையில் காலாவதி தேதியையும் பார்த்து வாங்கினோம். வியர்வைக்கு ஒட்டுப் பசை இளகாமல் இருக்க, சென்சாரின் மேலே ஒட்டும் மெல்லிய பிளாஸ்திரி தனியாகக் கிடைக்கிறது. நடுவில் உள்ள சிறு துளையை மூடாமல் ஒட்ட வேண்டும்.

ரமலான் நெருங்கும்போது, சென்சார் ஒட்டிக்கொண்டால் சர்க்கரை நோயாளிகள் நிம்மதியாக நோன்பு வைக்கலாம் என்ற பொருள்படும் விளம்பரங்களை ஊரில் பார்க்கிறேன். எந்தக் கடையுடையது என்பது முக்கியமில்லை; அந்த வாசகம் ஆபத்தானது. சென்சார் அளவைச் சொல்லும், ஆபத்தை நீக்காது. முதல் வகை நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், கடந்த மூன்று மாதங்களில் கடுமையான தாழ்சர்க்கரைக்கோ இரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் மிகும் ஆபத்தான நிலைக்கோ ஆளானவர்கள், இன்சுலின் போடும் கர்ப்பிணிகள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், சிறுநீரகம் பெரிதும் பழுதடைந்தவர்கள் ஆகியோர் இரண்டு கைகளிலும் சென்சார் ஒட்டிக்கொண்டாலும் அதிக ஆபத்துள்ளவர்களே. நோயாளிக்கு வேறு நாட்களில் நோற்கும் சலுகையும், இயலாதவருக்கு ஓர் ஏழைக்கு உணவளிக்கும் ஃபித்யாவும் குர்ஆனின் அல்பகரா அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்களிலேயே சொல்லப்பட்டிருக்கின்றன. கருவி வந்துவிட்டதால் அந்தச் சலுகை காலாவதியாகிவிட்டது போன்ற ஒரு நினைப்பு சில பெரியவர்களிடம் உருவாகி வருவதை நானே கேட்டிருக்கிறேன். இந்தச் சென்சாரின் மீது எனக்குள்ள ஒரே அச்சம் அதுதான்.

வாப்பாவின் அந்த மாலைக்குப் பிறகு, வரைபட அறிக்கையைக் கைபேசியிலிருந்தே மருத்துவருக்கு அனுப்பினோம். அவர் கிளிமிபிரைடை மேலும் குறைத்து, அஸருக்குப் பிந்தைய நடையை நிறுத்தச் சொன்னார். அதன் பிறகு அளவு 70க்குக் கீழே போகவில்லை. விடுபட்ட நோன்பை வாப்பா அடுத்த மாதமான ஷவ்வாலில் களாச் செய்தார் (ஈடாக நோற்றார்). கஞ்சி விநியோகத்துக்கு இப்போது எங்கள் தெருவிலிருந்து ஓர் இளைஞர் போகிறார். அடுத்த ரமலானுக்கும் ஒரு சென்சார் வாங்குவோம், எச்சரிக்கை ஒலி உள்ளதாகப் பார்த்து; ஒட்டப்போவது இந்த முறையும் ஷஃபானில்தான்.